அத்தைக்காக யார் ஆஜராவது?

அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கிய எட்டாவது மாதத்தில் குளிர்வதை நிறுத்தியது. விலை 31,500 ரூபாய். கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டினார். கம்பெனி சர்வீஸ் சென்டரைக் கைகாட்டியது. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த பையன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து, ஜாப் ஷீட்டில் ‘கம்ப்ரஸர் வீக்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன்தான், அப்புறம் ஆளையே காணோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தோம். அதன் பலனாகக் கம்பெனியிலிருந்து ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று இரண்டு எஸ்எம்எஸ் வந்தன.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவது என்று முடிவானதும் அத்தை கேட்டார்: “கேஸ் போடலாம்டா. அங்க போய் நின்னு யார் பேசறது?”

அத்தைக்கு 67 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். நுகர்வோர் கோர்ட் என்று நாம் சொல்லும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். அவர் மகன் துபாயில். மிச்சம் இருப்பது நான், தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். விசாரித்த இரண்டு வக்கீல்களில் ஒருவர் 8,000 கேட்டார். இன்னொருவர் 12,000, வாய்தாவுக்கு வந்துபோகும் செலவு தனி. 31,500 ரூபாய்ப் பொருளுக்கு 12,000 செலவா என்று அத்தை மலைத்துப்போனார். ‘யார் பேசறது’ என்ற அத்தையின் கேள்விக்கு எத்தனை விடை இருக்கிறது, ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று இந்த ஒன்றரை வருடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். வக்கீல் அல்லாத ஒருவர் இன்னொருவருக்காக நீதிமன்றத்தில் வாதாட முடியுமா? சாதாரண சிவில் கோர்ட்டில் பொதுவாக முடியாது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அந்த உரிமையை வக்கீல்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது: குறிப்பிட்ட ஒரு வழக்கில் வக்கீல் அல்லாதவரை நீதிமன்றம் விரும்பினால் அனுமதிக்கலாம். 1978இல் ஒரு வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை விளக்கினார். தன் வழக்கைத் தானே நடத்துவது ஒருவருடைய உரிமை. தனக்காக இன்னொரு சாதாரண ஆளை அனுப்புவது நீதிமன்றத்தின் அனுமதியைப் பொறுத்தது, வருகிறவர் யார் எவர் என்று பார்த்துத்தான் அந்த அனுமதி கிடைக்கும்.

நுகர்வோர் ஆணையம் இதில் விதிவிலக்கு. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே, வக்கீல் இல்லாமல் சாமானியன் ஏறி வரும் படிக்கட்டாகத்தான் அதைக் கட்டினார்கள். விதிகளிலும் ‘தரப்பினரோ அவர்களுடைய முகவரோ’ என்றுதான் இருந்தது. மும்பையில் சுற்றுலா நிறுவனங்கள் மீது சிலர் வழக்குப் போட்டு, வக்கீல் அல்லாத முகவர்களைப் பேச அனுப்பினார்கள். நிறுவனங்கள் அதை எதிர்த்தன. மாவட்ட நுகர்வோர் மன்றம் முகவர்கள் வாதாட முடியாது என்றது, மும்பை உயர் நீதிமன்றம் முடியும் என்றது. கடைசியில் 2011 ஆகஸ்ட் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றம் சொன்னதையே உறுதிசெய்தது: நுகர்வோர் மன்றங்களில் முகவர்கள் ஆஜராகலாம், வாதாடலாம். கூடவே, அவர்களுடைய தகுதி, நடத்தை, ஒழுக்கம் பற்றி விதிமுறைகளை வகுக்கச் சொல்லித் தேசிய ஆணையத்துக்கு உத்தரவும் போட்டது. 2014இல் அந்த விதிமுறைகள் வந்தன. ஆக, அத்தை என்னை அனுப்பலாம். அனுப்புவது நல்லதா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

இதற்கு விடை சொல்லுமுன், ஆணையத்தில் ‘பேசுவது’ என்றால் என்ன என்று தெரிய வேண்டும். சினிமாவில் பார்ப்பதுபோலக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அங்கே அபூர்வம். எல்லாம் காகிதத்தில் நடக்கிறது. புகார் மனு, எதிர்தரப்பின் பதிலுரை, நம்முடைய நிரூபணப் பிரமாணப் பத்திரம் (ஆணையத்தில் எல்லோரும் ‘புரூஃப் அஃபிடவிட்’ என்றுதான் சொல்வார்கள்), ஏ1, ஏ2 என்று எண் போட்ட சான்றாவணங்கள், கடைசியில் எழுத்துபூர்வ வாதம். வாயைத் திறந்து பேச வேண்டிய நேரம் மொத்த வழக்கிலும் சேர்த்து இருபது நிமிடம் தேறினால் அதிகம். மற்ற வாய்தாக்களில் பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து நிற்போம், அடுத்த தேதி சொல்வார்கள், பஸ் ஏறுவோம். அதனால் நாக்கு வன்மை உள்ள ஆளைத் தேட வேண்டியதில்லை. காகிதத்தை யார் சரியாகச் செய்வார், அந்தக் காகிதம் தவறினால் யார் பொறுப்பு என்று பார்த்தால் போதும்.

தானே போவது

அத்தையே போயிருக்கலாம். இதைத்தான் சட்டமும் முதலில் எதிர்பார்க்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இணையத்திலேயே மனுவை ஏற்றலாம். முன்பு இ-தாக்கில் என்ற தளம் இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி. காணொலி வழியாக ஆஜராகக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தானே போவதில் இன்னொரு பெரிய பலம், நடந்ததை நடந்தபடி சொல்ல அவரைவிட ஆள் கிடையாது. அமர்விலிருந்து ஒரு கேள்வி வந்தால் பொருளை வாங்கியவர் உடனே பதில் சொல்லிவிடுவார். முகவரும் வக்கீலும் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஒரு வாய்தா வாங்குவார்கள்.

பலவீனம் என்று பார்த்தால் முட்டிவலி ஒன்று. அதைவிடப் பெரிது பயம். எதிரில் கறுப்பு கோட்டைப் பார்த்ததும் பலருக்கு வாய் கட்டிவிடுகிறது. இன்னும் சிலருக்கு நேர்எதிர்: வாய் கட்டுவதே இல்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், 900 ரூபாய் மிக்ஸி ஜாருக்கு வழக்குப் போட்டவர், தன் முறை வந்ததும் கம்பெனிக்காரன் போனில் பேசிய தோரணையில் ஆரம்பித்து நாட்டு நடப்பு வரைக்கும் போய்விட்டார். ஆணையத்தின் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, பில் எங்கே?” என்றார். பில் வீட்டில் இருந்தது.

உறவுக்காரரை அனுப்புவது

நாங்கள் எடுத்த வழி இது. எங்கே தடுக்கி விழுந்தேன் என்று நன்றாகத் தெரியும் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

முதல் வாய்தாவில் பெஞ்ச் கிளார்க் கேட்டார்: “வக்கீலா, பார்ட்டியா?”

“பார்ட்டியோட மருமகன் சார்.”

“மகளைக் கட்டின மருமகனா?”

“இல்ல சார், பார்ட்டி எங்கப்பாவோட தங்கச்சி.”

“அத்தாரிட்டி லெட்டர் குடுங்க.”

அது என்னிடம் இல்லை. அத்தை எனக்குச் சொன்னது, நான் அத்தைக்குச் சொன்னது எல்லாம் வாய்வார்த்தைதான். இன்னார் வழக்கில், இன்ன எண்ணில், என் சார்பில் ஆஜராக இவரை அனுமதிக்கிறேன் என்று அத்தை கையெழுத்துப் போட்ட கடிதமும், என் கையெழுத்தும், இருவருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும். முதல் நாளே கையில் இருந்திருந்தால் ஒரு வாய்தா மிச்சம்.

அடுத்து நடந்ததை இப்போது நினைத்தாலும் என்னை நானே மொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. கம்பெனி தரப்பு வக்கீல் ஏப்ரல் 24ஆம் தேதி வாய்தாவில் பதிலுரையைத் தாக்கல் செய்து, என்னிடம் ஒரு நகல் நீட்டினார். வாங்கிக்கொண்டு “நன்றி சார்” என்று வேறு சொன்னேன். ஒரு மாதம் கழித்து, என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் அண்ணன் வக்கீல், அவரிடம் கட்டைக் காட்டினேன். அவர் பதிலுரையைப் படிக்கவே இல்லை. கம்பெனிக்கு ஆணையத்தின் நோட்டீஸ் எப்போது போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கேட்டார். ஒப்புகை அட்டையில் மார்ச் 4 என்று இருந்தது. விரலை மடக்கி எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

“51 நாள் ஆச்சே தம்பி. 45க்கு மேல வாங்கவே கூடாதே. நீங்க அப்பவே அப்ஜெக்‌ஷன் சொல்லலியா?”

சட்டம் பதிலுரைக்கு 30 நாள் தருகிறது, கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 4இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. இது சட்டக் கல்லூரி விஷயம்கூட இல்லை. ஆணையத்தின் வாசலில் நிற்கிற ஜூனியர் வக்கீல் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கம்பெனியின் பதிலுரையே கட்டுக்குள் வராமல் போயிருக்கலாம். வக்கீல் அல்லாதவரை அனுப்புவதில் இருக்கும் ஆபத்துக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் என்னிடம் இல்லை: பேசத் தெரியாததால் ஒன்றும் கெடவில்லை, எதை எண்ண வேண்டும் என்று தெரியாததால்தான் கெட்டது.

இன்னொன்று. பதிலுரையில் கம்பெனி, ‘அங்கீகாரம் இல்லாத மெக்கானிக் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார், ஆகவே வாரன்டி செல்லாது’ என்று எழுதியிருந்தது. திறந்தது அவர்களுடைய சர்வீஸ் சென்டர் பையன். நான் அன்றைக்கு அத்தை வீட்டில் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். உற்சாகமாக எழுந்து நின்று அதைச் சொன்னேன். உறுப்பினர் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: “நீங்க ரெப்ரசென்டேட்டிவா, சாட்சியா?” ஆஜராகிறவர் நின்றுகொண்டு சொல்வது வாதம், சாட்சியம் ஆகாது. பார்த்தவன் நான் என்றால் நானும் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் போட வேண்டும். அத்தைக்குத் தெரிந்ததை அத்தை தன் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். பவர் வாங்கிக்கொண்டு போகிறவர், பவர் கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்ததைத் தான் பார்த்ததாகச் சாட்சி சொல்ல முடியாது என்பது சிவில் வழக்குகளில் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். அதற்கும் ஒரு வாய்தா.

வாட்ஸ்அப் உரையாடலை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஏ6 என்று எண் போட்டிருந்தேன். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் எங்கே என்று எதிர்தரப்பு கேட்டது. 2024 ஜூலைக்கு முன் அது சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி கறாராகப் பார்ப்பதில்லைதான். ஆனாலும் கேள்வி வந்தபோது எனக்கு ‘63’ என்பது ஏதோ பஸ் நம்பர் மாதிரிக் கேட்டது.

இத்தனை சறுக்கலுக்கும் பிறகு உறவுக்காரர் வழியை நான் தள்ளிவிடுவேனா என்றால், மாட்டேன். செலவு பஸ் கட்டணமும் ஜெராக்ஸும்தான். ஒரு வாய்தாவையும் நான் தவறவிடவில்லை. வக்கீல்கள் பணிப் புறக்கணிப்பில் இருந்த இரண்டு நாட்களும் நான் போய் நின்றேன். வழக்கு நகரவில்லை, ஆனால் எங்கள் தரப்பு வரவில்லை என்று யாரும் குறிக்க முடியவில்லை. ஜாப் ஷீட்டின் பின்பக்கத்தில் மங்கலாக இருந்த சர்வீஸ் சென்டர் முத்திரையைக் கண்டுபிடித்ததும் நான்தான். கணக்கு எழுதுகிறவனுக்கு ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற வியாதி உண்டு. ஐம்பது கட்டு வைத்திருக்கும் வக்கீலுக்கு 31,500 ரூபாய் வழக்கில் அந்தப் பொறுமை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பொறுப்பு? நான் தப்புச் செய்தால் அத்தை எங்கே போய்ப் புகார் கொடுப்பார்? என் அம்மாவிடம்தான். அது வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் பார் கவுன்சிலைவிடக் கடுமையான இடம் என்றாலும், நஷ்டஈடு வாங்கித் தராது.

‘நான் பார்த்துக்கறேன்’ ஆட்கள்

ஆணையத்து வளாகத்தில் டீ குடிக்கும்போது ஒருவர் அறிமுகமானார். வக்கீல் இல்லை. சட்டைப் பையில் ஏதோ ஒரு சங்கத்தின் அடையாள அட்டை. “நாற்பது கேஸ் ஜெயிச்சிருக்கேன். பணம் எதுவும் வேணாம். வந்தா கால்வாசி குடுங்க” என்றார்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் ஜெயித்தால் பங்கு என்று பேசுவது வக்கீலுக்கே தடை. பார் கவுன்சில் விதிகளின்படி அது ஒழுங்கீனம், மீறினால் அவர் மீது மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், பட்டயமே போகலாம். இவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? வக்கீலுக்கு இருக்கிற கட்டுப்பாடு ஒன்றும் இல்லாமல், வக்கீலின் வருமானம் மட்டும் வேண்டும் என்கிற தொழில் இது. உச்ச நீதிமன்றம் 2011இல் முகவர்களின் தகுதிக்கும் நடத்தைக்கும் விதிமுறை கேட்டது இந்த வகை ஆட்களை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்புகளை இவர்களோடு சேர்க்கக் கூடாது. சட்டமே அவற்றுக்குப் புகார்தாரராக வழக்குப் போடும் உரிமையைத் தந்திருக்கிறது. சென்னையில் 1985 முதல் இயங்கும் சிஏஜி (அரசுக் கணக்குத் தணிக்கை சிஏஜி அல்ல, அதே சுருக்கப் பெயர் கொண்ட நுகர்வோர் அமைப்பு) போன்றவை புகாரை எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று வழிகாட்டுகின்றன. ஆனால் நம் ஒரு ஃப்ரிட்ஜுக்காக ஒன்றரை வருடம் வாய்தாவுக்கு ஆள் அனுப்பும் என்று எதிர்பார்ப்பது அதிகம். பலருக்கு ஒரே கம்பெனியால் ஒரே மாதிரி நஷ்டம் என்றால் அப்போது அமைப்பு வழிதான் சரி.

வக்கீல், அதிலும் இலவச வக்கீல்

வக்கீல் வைப்பதன் பயன் மேலே சொன்ன 45 நாள் கதையிலேயே இருக்கிறது. குறை, பணம். ஜெயித்தாலும் வழக்குச் செலவு என்று ஆணையம் போட்டுக் கொடுப்பது வக்கீல் கட்டணத்துக்குச் சரியாகப் போகும் என்று நம்பி இறங்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. வக்கீல் வழக்கைச் சொதப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. டாக்டர்கள் 1995 முதலே இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். வக்கீல்கள் வர மாட்டார்கள் என்று 2024 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே போக இன்னொரு வக்கீல் வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்த ஒரு வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. அதன்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், சிறையில் இருப்பவர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அந்தச் சட்டத்தில் ‘நீதிமன்றம்’ என்றால் தீர்ப்பாயங்களும் அடங்கும், ஆகவே நுகர்வோர் ஆணையத்துக்கும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100க்கு போன் செய்தும் கேட்கலாம். அத்தை பெண். அதுவே தகுதி. எங்களிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அத்தையிடம் சொன்னபோது, “இலவசம்னா ஏனோதானோன்னு பண்ணுவாங்கடா” என்றார். இது ரேஷன் அரிசியைப் பற்றிச் சொல்வது மாதிரி. அந்த வக்கீலுக்கு ஆணைக்குழு சம்பளம் தருகிறது, கேட்க ஆள் இருக்கிறது. நல்லவர் அமைவதும் அமையாததும் காசு கொடுத்து வைக்கிற வக்கீலுக்கும் பொருந்தும். மறுபடி ஒருமுறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால், இந்தக் கதவைத்தான் முதலில் தட்டுவேன்.

வெளியூர் வழக்கம்

இதே கேள்விக்கு மற்ற நாடுகள் வேறு வேறு விடை வைத்திருக்கின்றன. சிங்கப்பூரின் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை வழக்காடலாம். அங்கே வக்கீலுக்கே இடமில்லை, நமக்கும் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. கம்பெனி தன் ஊழியரை அனுப்ப வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஏனென்றால் நம் ஊரில் சாமானியன் வக்கீல் இல்லாமல் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, அதே கதவு வழியாகக் கம்பெனி மூத்த வக்கீலோடு நுழைய விட்டிருக்கிறோம்.

கனடாவின் ஒன்டாரியோவில் வேறு மாதிரி. 2007 முதல் பாராலீகல் என்றொரு வகுப்பே உண்டு. வக்கீல் அல்ல, ஆனால் படித்து, தேர்வு எழுதி, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அதே சட்டச் சங்கத்திடம் உரிமம் வாங்கி, காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். சிறு வழக்கு நீதிமன்றத்தில் அவர்கள் காசு வாங்கிக்கொண்டே வாதாடலாம். 2025 அக்டோபரில் அந்த நீதிமன்றத்தின் வரம்பை 50,000 டாலராக உயர்த்தியிருக்கிறார்கள். ஸ்கார்பரோத் தமிழர்களுக்கு இது பழகிய சொல். உரிமம் இல்லாத நண்பருக்கும் அங்கே இடம் உண்டு, காசு வாங்காமல், வருடத்துக்கு மூன்று வழக்குக்கு மேல் போகாமல். டீக்கடையில் பார்த்த ‘நாற்பது கேஸ்’ ஆசாமி இந்த ஒரு வரியில் அடிபட்டுப்போவார்.

இங்கிலாந்தில் சிறு வழக்குகளில் வக்கீல் அல்லாதவர் பேசலாம் என்று 1999இல் ஆணை இருக்கிறது. பொதுவான நிபந்தனை, வழக்குக்கு உரியவரும் கூடவே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. படித்தபோது இது என்ன பெரிய நிபந்தனை என்று தோன்றியது. பிறகுதான் புரிந்தது.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் 36ஆம் பிரிவில் தொழிலாளிக்காகத் தொழிற்சங்க நிர்வாகி பேசலாம் என்றது. தீர்ப்பாயத்தில் வக்கீல் வரத்தான் எதிர்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்புப் படித்த சங்கச் செயலாளர்கள் மில் முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிய ஊர் இது. அந்தச் செயலாளர் தப்புச் செய்தால் அடுத்த சங்கத் தேர்தலில் கேட்பார்கள். அங்கே பொறுப்பு இருந்தது.

எதை எடுப்பது

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஆன்லைனில் வந்த உடைந்த டிவி, திருப்பித் தராத டியூஷன் கட்டணம், இந்த ரகத்தில் பில்லும் ரசீதும் கடிதமும் கையில் இருந்தால் தானே போகலாம், முடியாவிட்டால் வீட்டு ஆளை அனுப்பலாம். ஆனால் ஒரு வேலையை மட்டும் வக்கீலிடம் கொடுங்கள்: மனு எழுதுவதையும் பிரமாணப் பத்திரம் தயாரிப்பதையும். முழு வழக்கையும் எடுத்துக்கொள்ளாமல் எழுதிக் கொடுத்து, நாளையும் கெடுவையும் குறித்துக் கொடுக்கச் சம்மதிக்கிற வக்கீல்கள் இருக்கிறார்கள். என் அலுவலகக்காரரின் அண்ணன் எழுத்துபூர்வ வாதத்தை 2,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார். ஆறு பக்கம். அதில் 51 நாள் கணக்கு இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. தாமதமாகச் சொல்கிற ஆட்சேபம்தான், ஏற்பார்களா என்பது வேறு. கட்டில் இருக்கட்டும் என்றார்.

மருத்துவ அலட்சியம் என்றால் வீட்டு ஆள் வேண்டாம். நிபுணர் கருத்து, சிகிச்சைக் குறிப்பு, அதைப் படித்துக் கேள்வி கேட்கிற திறமை எல்லாம் வேண்டும். வீடு கட்டித் தராத பில்டர் வழக்கும் அப்படியே, தொகையும் பெரிது, ஆவணமும் சிக்கல். மருத்துவக் காப்பீடு மறுப்பு நடுவில் நிற்கிறது. ‘முன்பே இருந்த நோய்’ என்ற ஒரே காரணம், கையில் டிஸ்சார்ஜ் சம்மரி தெளிவாக இருந்தால் தானே போகலாம். தொகை சில லட்சங்களைத் தாண்டினால் வக்கீல்.

மேல்முறையீடு என்று வந்தால் எந்த வழக்கானாலும் வக்கீல்தான். 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். தோற்ற கம்பெனி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். அங்கே பேசுவது சட்டக் கேள்வி, ஜாப் ஷீட்டின் பின்பக்க முத்திரை அங்கே பெரிதாக எடுபடாது. எதிலும் மறக்கக் கூடாதது இரண்டு வருடக் கெடு. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். யாரை வைத்துப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே அதைத் தாண்டவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

போன மாதம் இறுதி வாதம். இங்கிலாந்து நிபந்தனையைப் படித்த வேகத்தில் அத்தையிடம், “இந்த ஒரு தடவை நீங்களும் வாங்க அத்தை” என்றேன். கார் பிடித்தோம். முட்டிக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆறு பக்கத்தைக் கொடுத்துவிட்டு நாலு வாக்கியம் பேசினேன். கம்பெனி வக்கீல் எழுந்து, ஃப்ரிட்ஜ் இன்றைக்கும் புகார்தாரர் வீட்டில் பயன்பாட்டில்தான் இருக்கிறது, ஆகவே பழுது என்பதே மிகை என்றார். அந்த வரிக்கு என்னிடம் பதில் தயாராக இல்லை.

தலைவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். “அம்மா, நீங்கதானே புகார்தாரர்? ஃப்ரிட்ஜ் இப்ப எங்க இருக்கு?”

அத்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். “ஹால்லதான் இருக்கு ஐயா. பிளக்கைப் புடுங்கி வருஷம் ஒண்ணாச்சு. உள்ள புளி, மொளகா வத்தல், வடாம் டப்பா வச்சிருக்கேன். எறும்பு வராம இருக்கு.”

உறுப்பினர் ஏதோ குறித்துக்கொண்டார். வழக்கைத் தீர்ப்புக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.